குண்டுமணி செபமாலை

"லூர்து, அந்த மாலையில மொத்தம் எத்தன மணி?"

ஃபோனை எடுத்ததும் அண்ணி கேட்ட முதல் கேள்வி அதுதான். ஹலோ இல்லை, சாப்பிட்டியா இல்லை. திங்கட்கிழமை, காலை பத்தரை மணி இருக்கும். மஞ்சக்குப்பத்தில் நான் டைப் அடிக்கும் பத்திர எழுத்தர் அலுவலகத்தில், ஒரு கிரையப் பத்திரத்தின் நான்கெல்லையில் இருந்தேன். வடக்கே வாய்க்கால், கிழக்கே ரோடு, தெற்கே யாருடைய மனை என்று பார்த்துக்கொண்டிருந்தபோது ஃபோன் வந்தது.

"எந்த மாலை அண்ணி?"

"நேத்து ஜெனி மாமாவுக்குக் குடுத்துச்சே, அந்தச் செபமாலை. சட்டுனு சொல்லு."

ஸ்டெல்லா அண்ணி நிதானமாகப் பேசுகிறவர். சிதம்பரத்தில் என் அண்ணன் வீட்டில் அவருடைய மாமாவை, என் அப்பாவை, பார்த்துக்கொள்வது அவர்தான். அப்பாவுக்கு மறதி நோய் வந்து மூன்று வருடத்துக்கு மேல் ஆகிறது. எங்கள் பெயர்கள் போய்விட்டன, சாப்பிட்டது போய்விட்டது, பகலா இரவா என்பதும் பல நாள் தெரியாது. அத்தனைக்கும் நடுவில் அண்ணியின் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. அன்று அவருக்கு மூச்சு வாங்கியது.

"அம்பத்து மூணு அண்ணி. என்ன ஆச்சு?"

"மாமா கடிச்சிட்டாரு. வாயெல்லாம் செவப்புத் தோலு. வெரல வுட்டு எடுத்தேன், என் வெரலயும் கடிச்சிட்டாரு. எத்தன உள்ள போச்சுன்னு தெரியல. ஆட்டோ வந்துடுச்சு, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்."

ஃபோன் வைக்கப்பட்டுவிட்டது. எதிர் மேஜையில் இருந்த எழுத்தர் ஐயா என் முகத்தைப் பார்த்துவிட்டு என்னம்மா என்றார். சொன்னேன்.

"என்ன மணி?"

"குண்டுமணி."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "முழுங்கினாரா, கடிச்சாரா?"

"கடிச்சிட்டாராம்."

"அது விஷம்மா. கெளம்பு, கெளம்பு. நான் பாத்துக்கறேன்."

நான்கெல்லையில் தெற்கு இல்லாமலே எழுந்து போனேன்.

வேலியில் கிடைத்தது

இந்தத் தொடரில் அப்பாவை இதுவரை ஓடுகிற பஸ்ஸில் நிற்பவராகவே காட்டி வந்திருக்கிறேன். கடலூர், சிதம்பரம் தடத்தில் முப்பது வருடம் கண்டக்டர். இந்த அத்தியாயத்தில் அவர் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார். நடந்ததற்குக் காரணம் நான். அதனால்தான் இதை எழுதுவதை வாரக்கணக்கில் தள்ளிப்போட்டேன்.

என் மகள் ஜெனி அப்போது நான்காம் வகுப்பு. அது தவக்காலம். ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் டீச்சர் எல்லாப் பிள்ளைகளிடமும், தாத்தாவுக்கோ ஆயாவுக்கோ உங்கள் கையாலேயே ஒரு பொருள் செய்து கொடுங்கள், கடையில் வாங்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். வகுப்பே பரபரப்பாகிவிட்டது. ஒருத்தி ஐஸ் குச்சியில் ஃபோட்டோ ஃபிரேம் செய்தாள். ஒருவன் பாட்டிலில் நூல் சுற்றி பெயிண்ட் அடித்தான். வாழ்த்து அட்டை, உல்லன் பூ, அரிசி ஒட்டிய படம் என்று ஒவ்வொருவரும் ஒவ்வொன்று.

ஜெனி இரண்டு நாள் யோசித்தாள். "தாத்தாவுக்குப் படம் குடுத்தா யாருன்னு தெரியாதும்மா. அவரு மேலயே இருக்கற மாதிரி ஒண்ணு வேணும்" என்றாள்.

அவள் சொன்னது சரி. அப்பாவின் செபமாலைகள் ஒவ்வொன்றாகத் தொலைந்திருந்தன. ஒன்று சாக்கடையில் போயிற்று, ஒன்றை யாருக்கோ கொடுத்துவிட்டார். செபம் மறந்துவிட்டாலும் அவர் கை மணி தேடும். சட்டைப் பொத்தானை, கைலி முனையை, போர்வை ஓரத்தை உருட்டிக்கொண்டே இருக்கும்.

குண்டுமணி ஏற்கெனவே வீட்டில் இருந்தது. என் நாத்தனாருக்கு அண்ணாகிராமம் பக்கம் முந்திரித் தோப்பு. முந்திரி பூத்திருந்த சமயம் போனபோது, தோப்பு வேலியில் படர்ந்த கொடியில் காய் வெடித்து, சிவப்பும் கறுப்புமாக மணிகள் தொங்கிக்கொண்டிருந்தன. ஜெனி தன் டிபன் பாக்ஸ் நிறையப் பறித்துக்கொண்டு வந்தாள். நானும் சேர்ந்துதான் பறித்தேன்.

எனக்கு அது பயப்படும் பொருளே இல்லை. நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது சதுர்த்திக்கு எதிர்வீட்டில் களிமண் பிள்ளையார் வரும். அதற்குக் கண் வைக்கும் வேலை கோயிலுக்குப் போகாத எங்களுக்கும் கிடைக்கும். குண்டுமணியை எச்சில் தொட்டு அழுத்துவோம். இடது கண் கோணிவிட்டால் எடுத்து மறுபடி வைப்போம். விஷம் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். பிள்ளைகள் எதைக் காதில் வாங்குகிறார்கள்.

மணி கல் மாதிரி இருக்கும். ஜெனியால் துளை போட முடியவில்லை. ஒரு நாள் முழுக்க வெந்நீரில் ஊறவைத்து, கோணி ஊசியை அடுப்பில் காய்ச்சி, ஒவ்வொன்றாக நான் குத்திக் கொடுத்தேன். கோத்தது அவள். பெரிய மணி வரும் இடங்களில் என் பழைய வளையல் டப்பாவில் இருந்த நீலப் பாசியைப் போட்டாள். பிளாஸ்டிக் சிலுவை ஒன்று கட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை அதை அப்பா கழுத்தில் போட்டபோது அவர் குனிந்து பார்த்தார். ஒரு மணியைப் பிடித்தார், அடுத்த மணியைப் பிடித்தார். "நல்லாருக்கு" என்றார். பல மாதம் கழித்து அவர் வாயிலிருந்து இடத்துக்குப் பொருந்தி வந்த ஒரு வார்த்தை. அண்ணி கூட அடுப்படியிலிருந்து வந்து பார்த்தார். ஜெனி பஸ்ஸில் திரும்பும்போது முழுக்க அதையே சொல்லிக்கொண்டு வந்தாள்.

விசில்

பஸ் ஸ்டாண்டில் சிதம்பரம் பஸ் புறப்பட்டுக்கொண்டிருந்தது. ஏறி, கம்பியைப் பிடித்து நின்றபடி ஃபோனில் தேடினேன். தேடியிருக்கக் கூடாது. ஒரே ஒரு விதை போதும் என்று ஒரு இடத்தில் இருந்தது. முழுதாக விழுங்கினால் பெரும்பாலும் அப்படியே வெளியே வந்துவிடும் என்று இன்னொரு இடத்தில் இருந்தது. அதற்குக் கீழே, ஓடு உடைந்திருந்தாலோ துளையிட்டிருந்தாலோ அப்படி இல்லை என்று இருந்தது.

துளையிட்டிருந்தால்.

ஃபோனை பைக்குள் போட்டேன். மறுபடி எடுத்தேன். அப்போதுதான் இன்னொன்று ஞாபகம் வந்தது. ஜெனி நூல் முனையை வாயில் வைத்து ஈரம் பண்ணிப் பண்ணித்தான் கோத்தாள். ஐம்பது தடவை வாயில் வைத்திருப்பாள். காலையில் இட்லி சாப்பிட்டாளா? சாப்பிட்டாள். வயிறு வலி என்றாளா? சொல்லவில்லை. சொல்ல மறந்திருப்பாளோ? கோத்து நான்கு நாள் ஆகிவிட்டது, ஏதாவது என்றால் இதற்குள் தெரிந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆலப்பாக்கம் வரும்வரை அதை எத்தனை முறை சொல்லிக்கொண்டேன் என்று தெரியாது.

கண்டக்டர் என்னைத் தாண்டி முன்னால் போனார். சின்னப் பையன் முகம். கழுத்தில் கயிறு, கயிற்றில் விசில். இரண்டு கையும் பையிலும் சீட்டுக் கட்டிலுமாக இருந்ததால் விசிலைப் பல்லிலேயே கடித்துக்கொண்டு இருந்தார். நிறுத்தம் வந்ததும் அப்படியே ஊதினார். பஸ் நின்றது.

அப்பாவும் அப்படித்தான் நிற்பார். சின்ன வயதில் அவர் பஸ்ஸில் போகும்போது நான் இன்ஜின் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டு வருவேன். மகள் என்று இலவசம் கிடையாது. எனக்கும் ஒரு அரை டிக்கெட் கிழித்து, தன் காசைப் பையில் போட்டுவிட்டு, விசிலைக் கடித்துக்கொண்டு அடுத்த ஆளிடம் போவார். விசிலின் பித்தளையில் அவருடைய பல் தடம் இருக்கும்.

கழுத்தில் கயிறு போட்டால், அதன் முனையில் இருப்பது அவருக்கு வாயில் வைக்கிற பொருள். முப்பது வருடப் பழக்கம். பிள்ளை கொடுத்தது அவருக்கு மாலையாகவே தெரிந்திருக்காது.

புதுச்சத்திரம் தாண்டியதும் அண்ணி மறுபடி கூப்பிட்டார். "நூல்லயும் பெட்டுலயும் கெடந்தத எண்ணிட்டு வந்தேன். நாப்பத்தாறுதான் இருக்கு. அம்பத்து மூணுன்னு சரியாத் தெரியுமா உனக்கு?"

"ஆமாண்ணி."

"அப்ப ஏழு."



யார் துளை போட்டது

சிதம்பரம் வண்டிகேட்டில் இறங்கி ஆட்டோ பிடித்தேன். ஆஸ்பத்திரியில் அப்பாவை அவசரப் பிரிவில் படுக்க வைத்திருந்தார்கள். மூக்கில் குழாய் போட்டு, வயிற்றைக் கழுவி, கரி கரைத்த கறுப்புத் தண்ணீரை இறக்கியிருந்தார்கள். உதட்டோரம், தாடை, சட்டைக் காலர் எல்லாம் கறுப்பு. இரண்டு கையையும் கட்டில் கம்பியில் துணியால் கட்டியிருந்தார்கள், குழாயைப் பிடுங்கிவிடுகிறார் என்று. என்னைப் பார்த்ததும், "சில்லறையா குடும்மா" என்றார்.

அண்ணன் ஆரோக்கியம் சேத்தியாத்தோப்பில் ஒரு வீட்டில் ஒயரிங் வேலையில் இருந்தவன். நான் வந்த கொஞ்ச நேரத்தில் அவனும் பைக்கில் வந்து சேர்ந்தான். ஹெல்மெட்டைக் கூடக் கழற்றவில்லை.

"மறதி உள்ள ஆளு கழுத்துல இத யாரு போட்டது?" என்று கேட்டான். அண்ணியைப் பார்த்துத்தான் கேட்டான்.

அண்ணி கீழே பார்த்தார். அவருடைய ஆள்காட்டி விரலில் கைக்குட்டை சுற்றியிருந்தது, ரத்தம் கசிந்திருந்தது. வாய் திறந்து என் பெயரைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நானும் அந்த நேரத்தில் சொல்லவில்லை. ஒரு நிமிடம் இருக்குமா? அதைவிடக் குறைவாகவே இருக்கும். அந்த இடைவெளியில் என் அண்ணன் தன் மனைவியைத் தப்பாக நினைத்துக்கொண்டிருந்தான். நான் அதை நடக்க விட்டேன்.

டாக்டர் இளம் பெண். பேடுடன் வந்தார். "விதை முழுசா இருந்ததா, ஓட்டை போட்டதா?"

"ஓட்டை போட்டதுங்க. நான்தான் போட்டேன். என் பொண்ணு கோத்துக் குடுத்துச்சு. நேத்து நாங்கதான் போட்டுவிட்டோம்."

அண்ணன் ஹெல்மெட்டைக் கழற்றினான். திட்டியிருந்தால் தேவலை.

டாக்டர் எழுதிக்கொண்டே பேசினார். இதற்கென்று மாற்று மருந்து கிடையாது. சில சமயம் உடனே ஒன்றும் தெரியாது, சில மணி நேரம் கழித்து, சில சமயம் ஒரு நாள் கழித்து வாந்தி, பேதி, ரத்தப்போக்கு வரலாம். கிட்னி, ஈரல் பார்க்க வேண்டும். மூன்று நாளாவது இங்கேயே இருக்க வேண்டும். "எத்தன விதை உள்ள போயிருக்குன்னு சரியா தெரிஞ்சா நல்லது. ஒண்ணு ரெண்டா, ஏழா, அது முக்கியம். அந்த மாலையச் செஞ்சவங்கள கேட்டுச் சொல்லுங்க."

செய்தவளுக்கு ஒன்பது வயது. கடலூரில் வகுப்பில் உட்கார்ந்திருந்தாள்.

பள்ளிக்கூடத்துக்கு ஒரு ஃபோன்

அதை எப்படியாவது தவிர்க்க முடியுமா என்று வராந்தாவில் நடந்துகொண்டே யோசித்தேன். ஜெனியிடம் கேட்காமல் எண்ணிக்கையை உறுதி செய்ய வழியே இல்லை. குத்தும்போது பல மணிகள் உடைந்தன, தூக்கிப் போட்டோம். நான் எத்தனை குத்தினேன் என்பதை எண்ணவில்லை. ஐம்பத்து மூன்று என்று நான் சொன்னது, பெரிய மணிகளை விட்டு எந்தச் செபமாலையிலும் இருக்கும் கணக்கு. அது ஜெனியின் கணக்காக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

பள்ளி அலுவலகத்தில் அவளைக் கூப்பிட்டுக் கொடுத்தார்கள்.

"ஜெனி, தாத்தா மாலை அறுந்துபோச்சு. திரும்பக் கோக்கணும். மொத்தம் எத்தன குண்டுமணி போட்ட?"

"அம்பத்தஞ்சு."

"அம்பத்து மூணுதானே வரும்?"

"ரெண்டு எக்ஸ்ட்ரா போட்டேன். சிலுவைக்குப் பக்கத்துல. தாத்தாவுக்கு ஒண்ணு, செத்துப்போன ஆயாவுக்கு ஒண்ணு."

ஏழு ஒன்பதாகிவிட்டது.

"அம்மா."

"சொல்லு."

"கோக்கறதுக்கு எதுக்கு ஸ்கூலுக்கு ஃபோன் பண்ற? வீட்டுக்கு வந்தா கேக்கலாம்ல." கொஞ்சம் நிறுத்தினாள். "தாத்தா வாயில போட்டுக்கிட்டாரா, பாப்பா மாதிரி?"

பொய் சொல்ல ஆரம்பித்தேன். வரவில்லை. "ஆமா. ஆஸ்பத்திரில இருக்காரு. டாக்டர் பாக்கறாங்க."

அலுவலகத்தில் யாரோ பிரின்டர் ஓட்டும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு பள்ளிக்கூட ஆயா ஒருவர் ஃபோனை வாங்கி, "கொழந்த அழுவுதும்மா, நான் பாத்துக்கறேன்" என்றார்.

சட்டைப் பை

ஒன்பது என்றதும் அண்ணி எழுந்தார். "நான் வூட்டுக்குப் போய் மறுபடி தேடறேன். நீ இங்க இரு."

"நானும் வரேன் அண்ணி."

"உனக்கு எங்க தேடணும்னு தெரியாது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னார். நான் மாதத்தில் இரண்டு ஞாயிறு, கையில் ஆப்பிளோடு வந்து, அப்பா பக்கத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகிறவள். அப்பா எதை எங்கே ஒளிப்பார், எந்தப் பக்கம் திரும்பித் துப்புவார் என்பது எனக்குத் தெரியாது.

அண்ணி போய் ஒரு மணி நேரம் ஆகும்வரை நான் அப்பா பக்கத்திலேயே நின்றேன். அப்பா மூன்று முறை வாந்தி எடுத்தார், கறுப்பாக. கரியா ரத்தமா என்று ஒவ்வொரு முறையும் நர்ஸை ஓடிப் போய்க் கூட்டி வந்தேன். கரிதான் என்றார். மூன்றாவது முறை நான் வருவதைப் பார்த்ததும் அவரே எழுந்துவிட்டார்.

அண்ணி கூப்பிட்டார். "சட்டப் பையில அஞ்சு இருக்கு லூர்து. காலையில போட்டிருந்த சட்ட. மாத்தி அழுக்குக் கூடையில போட்டிருந்தேன். சில்லறைன்னு நெனச்சு எடுத்து வச்சிருக்காரு. பாய்க்கு அடியில ஒண்ணு."

ஐந்தும் ஒன்றும் ஆறு. இன்னும் மூன்று.

"அந்தச் செவப்புத் தோலு அண்ணி? வாயிலேர்ந்து எடுத்தேன்னு சொன்னீங்களே?"

"அத ஒரு காயிதத்துல மடிச்சு டாக்டர்கிட்ட குடுத்துட்டேன். ஒரு மணியோட தோலு மாதிரிதான் இருந்துச்சு."

அப்படியானால் உள்ளே இரண்டு. டாக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் பேடில் ஒன்பதை அடித்துவிட்டு இரண்டு என்று எழுதினார். "கடிச்சது பெரும்பாலும் வெளிய வந்திருந்தா நல்லதுதான். ஆனா அந்த ரெண்டும் ஓட்டை போட்டது. பாப்போம்" என்றார்.

மூன்று நாள்

செவ்வாய்க்கிழமை அப்பாவுக்கு வயிற்றுப்போக்கு நிற்கவில்லை. உதடு காய்ந்து வெடித்தது. நாடித்துடிப்பு ஏறியது. ரத்தப் பரிசோதனை ஒன்று சரியாக வந்தால், அடுத்தது எப்படி வருமோ என்று உட்கார்ந்திருப்போம். அண்ணி பகலில் இருப்பார், அண்ணன் அவருக்குப் பிறகு. நான் அலுவலகத்துக்கு லீவு சொல்லிவிட்டு இடையில் எங்கே முடியுமோ அங்கே இருந்தேன். ஜெனி என் வீட்டுக்காரரோடு கடலூரில் இருந்தாள். அவளையும் டாக்டரிடம் காட்டி, ஒன்றுமில்லை என்று சொன்ன பிறகுதான் எனக்குப் பாதி உயிர் வந்தது.

மீதிப் பாதி புதன்கிழமை காலை வந்தது. நர்ஸ் கையுறையோடு வெளியே வந்து, "ஒண்ணு வந்துடுச்சு. முழுசா" என்றார். அந்த வார்த்தையை இவ்வளவு சந்தோஷமாக நான் கேட்டதில்லை. அண்ணன் சிரித்துவிட்டான். சிரித்துக்கொண்டே முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

இரண்டாவது மணி வியாழக்கிழமை மத்தியானம் வந்தது.

அதற்கு மறுநாளும் ஆஸ்பத்திரியில் இருந்தோம். சனிக்கிழமை அப்பா எலும்பும் தோலுமாக வீட்டுக்கு வந்தார். போகும்போது அந்த நர்ஸ் அண்ணியிடம், "இவருக்குக் கை சும்மா இருக்காதும்மா. பிடிச்சு உருட்ட ஏதாச்சும் குடுங்க. வாய்க்குள்ள போகாத சைஸுல" என்று சொல்லி அனுப்பினார்.

கட்டிலில் படுக்க வைத்ததும் அப்பாவின் கை நெஞ்சுக்குப் போனது. கழுத்தைச் சுற்றித் தடவினார். "இங்க ஒண்ணு இருந்துச்சே" என்றார். மகளை மறந்தவர், மருமகளை மறந்தவர். ஒரு நாள் கழுத்தில் கிடந்ததை நினைவு வைத்திருந்தார்.

துணி

ஈஸ்டர் முடியும்வரை ஜெனி மறைக்கல்வி வகுப்புக்குப் போக மறுத்தாள். டிபன் பாக்ஸில் மிச்சம் இருந்த குண்டுமணியை நான் எங்கோ கொண்டுபோய்ப் புதைத்த பிறகும், அந்த டிபன் பாக்ஸில் சாப்பாடு எடுத்துப் போகமாட்டேன் என்றாள். கையை அடிக்கடி கழுவினாள். "எத்தன தடவ கழுவுனா போவும்?" என்று ஒரு நாள் கேட்டாள். போய்விட்டது என்றேன். "உனக்கு எப்படித் தெரியும்? அதுவும் உனக்குத் தெரியாமத்தானே இருந்துச்சு" என்றாள்.

நர்ஸ் சொன்னதை ஒரு நாள் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. பள்ளி லீவு விட்ட முதல் வாரம், நான் வேலைக்குப் போய்த் திரும்பும்போது வீட்டில் துணி வெட்டிக் கிடந்தது. பழைய புத்தகப் பையிலிருந்து அறுத்த ஜிப், சின்னதாகிப்போன ஷூவின் ஒட்டுப் பட்டை, யூனிபார்ம் சட்டையின் பாக்கெட், பாவாடை நாடா, ஒரு துண்டு வெல்வெட். என் பழைய காட்டன் புடவையை நாலாக மடித்து அதன்மேல் எல்லாவற்றையும் வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். தொடைமேல் விரித்துக்கொண்டு உட்காரும் அளவு.

"பட்டன் வைக்கல" என்றாள், நான் எதுவும் கேட்பதற்கு முன்னால்.

எனக்கு அது வேண்டாம் என்றுதான் சொல்லத் தோன்றியது. ஜிப்பைக் கடித்தால்? நாடா கழுத்தில் சுற்றினால்? அவளுக்குத் தெரியாமல் நாடாவை இழுத்து அளந்து பார்த்தேன். கைச்சாண் நீளம்தான் இருந்தது. அவளும் அளந்து வெட்டியிருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை சிதம்பரம் போனோம். தாத்தா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ஜெனி அவர் பக்கம் போகவில்லை. நேராக அடுப்படிக்குப் போய், துணியை அண்ணி கையில் கொடுத்தாள்.

"அத்த, இத நல்லா இழுத்துப் பாருங்க. பிஞ்சி வந்துதுன்னா வேணாம்."

அண்ணி கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். சிரிக்கவில்லை, பரவாயில்லை கொடு என்று சொல்லவும் இல்லை. ஜன்னல் பக்கம் போய் வெளிச்சத்தில் வைத்து, ஒவ்வொன்றாகப் பிடித்து முழு பலத்தோடு இழுத்தார். ஒட்டுப் பட்டை நின்றது. நாடா நின்றது. பாக்கெட் நின்றது. ஜிப்பை இழுத்தபோது ஒரு ஓரத்தில் தையல் விட்டது.

ஜெனியின் முகம் சுருங்கிவிட்டது.

"ஒரு ஓரந்தான் பாப்பா. நான் தச்சித் தரேன். நீ போய் தாத்தாவுக்குத் தண்ணி குடு, ஸ்பூன்ல" என்றார் அண்ணி.

அவள் போனாள். அண்ணி தரையில் உட்கார்ந்து தைக்க ஆரம்பித்தார். நான் எதிரே உட்கார்ந்தேன். அவருடைய ஆள்காட்டி விரலில் தழும்பு இன்னும் சிவப்பாக இருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு நாங்கள் இரண்டு பேரும் தனியாக இருந்தது அப்போதுதான். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் வார்த்தை சேர்த்துக்கொண்டு வந்திருந்தேன். அண்ணன் அவரைக் கேட்ட அந்த ஒரு நிமிடத்துக்காக.

"அண்ணி, அன்னைக்கு அண்ணன் உங்களக் கேட்டப்ப நான் உடனே..."

"நான் பாத்தேன் லூர்து."

என்ன என்று எனக்குப் புரியவில்லை.

அவர் தையலிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அன்னைக்குக் காலையில எட்டு மணிக்கே அதத் தூக்கி வாயில வச்சிக்கிட்டாரு. நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். அதுக்கு முன்னாடி நாலு நாளா கத்தல் ஜாஸ்தி. டிக்கெட் டிக்கெட்டுன்னு. வூட்ட விட்டு எறங்கி எறங்கி ஓடறாரு. பகல் ராத்திரி எதுவும் கெடையாது. அன்னைக்கு அத வாயில வச்சதும் கம்முனு ஆயிட்டாரு. சத்தமே இல்ல." ஊசியை இழுத்தார். "எடுக்கணும்னு தெரியுது. எடுத்தா திரும்ப ஆரம்பிச்சிடுவாருன்னும் தெரியுது. அப்படியே அந்தச் சொவத்துல சாஞ்சேன். கண்ணு அசந்துட்டேன். முழிச்சப்ப மணி பத்து."

தாத்தாவின் அறையிலிருந்து ஜெனி, "வாயத் தொறங்க தாத்தா, இன்னும் ஒரு ஸ்பூன்" என்று சொல்வது கேட்டது.

"அவுருகிட்ட நான் இத இன்னும் சொல்லல" என்றார் அண்ணி. அண்ணனைத்தான் சொன்னார். "ஒன்கிட்டதான் சொல்றேன்."

ஊசியில் நூல் தீர்ந்துவிட்டிருந்தது. அவர் கையிலிருந்து ஊசியை வாங்கி, இரட்டை நூல் கோத்து, முடிச்சுப் போட்டுக் கொடுக்கப் போனேன். பிறகு கொடுக்கவில்லை.

"நீங்க கொஞ்ச நேரம் போய்ப் படுங்க அண்ணி" என்றேன். "இன்னைக்கு நான் சாயங்காலம் போகல. நாளைக்கும் இருக்கேன்."

அவர் என்னை ஒரு முறை பார்த்தார். நம்பலாமா என்று பார்ப்பது போல இருந்தது. பிறகு எழுந்து உள்ளே போய், கதவைச் சாத்தினார். நான் ஜிப்பின் மறு ஓரத்தையும் சேர்த்துத் தைக்க ஆரம்பித்தேன்.